கரைந்த சீனி எங்கே போனது? களுவாஞ்சிகுடித் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தரம் ஒன்பது. தவணைப் பரீட்சையில் சீனி நீரில் கரைவதை இரசாயன மாற்றம் என்று எழுதிவிட்டான், புள்ளி போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழாத குறையாக வாதாடியிருக்கிறான்: “சீனியக் காணல்லையே அம்மா. காணாமப் போனா அது மாறிட்டுத்தானே?” மீளப் பெற முடிந்தால் பௌதிக மாற்றம், முடியாவிட்டால் இரசாயன மாற்றம் என்று கொப்பியில் இருந்ததைத் தாய் வாசித்துக் காட்டியும் அவன் அடங்கவில்லை. பால் தயிராவதை மட்டும் ஏன் இரசாயன மாற்றம் என்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறான். இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்பதுதான் தாயின் கேள்வி.

தங்கச்சி, சீனி கரைவது பௌதிக மாற்றம்தான். புள்ளி குறைத்தது சரி. ஆனால் உங்கள் மகன் கேட்டதும் நல்ல கேள்வி. கொப்பியில் உள்ள அந்த ஒற்றை வரி விதி அவனுடைய சந்தேகத்தைத் தீர்க்காது, ஏனென்றால் அந்த விதியே ஓட்டை. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு அவனுடைய கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். சீனி எங்கே போனது என்பது ஒன்று. போன இடத்தில் அது இன்னும் சீனியாகத்தான் இருக்கிறதா என்பது மற்றது. அவன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பியிருக்கிறான். பெரியவர்களும் இதே இடத்தில்தான் குழம்புகிறோம்.

முதல் கேள்விக்குத் தராசு போதும். கேக் செய்ய வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் எடுங்கள்; இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கேட்டால் ஐந்து நிமிடம் தருவார்கள். வெறும் குவளையை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கிவிட்டு 200 கிராம் தண்ணீர் விடுங்கள். வேறு ஒரு தாளில் 20 கிராம் சீனியை நிறுத்து, மகன் கையாலேயே அதைக் குவளையில் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கரண்டியில் ஒட்டியிருக்கும் துளியையும் குவளைக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். சீனி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் தராசு 220 என்றுதான் காட்டும். கண் இல்லை என்கிறது, தராசு இருக்கிறது என்கிறது. இடத்தை அடைப்பதும் திணிவு உள்ளதும் சடப்பொருள் என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் படித்திருப்பான். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த வரைவிலக்கணத்தில் எங்கேயும் இல்லை. காற்றும் தெரிவதில்லை, ஆனால் சைக்கிள் ரியூப்பை அது எப்படி விறைக்க வைக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் அந்த 20 கிராம் எங்கே ஒளிந்தது? இதற்கு ஒரு சுண்டுக் கச்சானும் அரைச் சுண்டு காய்ந்த மணலும் எடுங்கள். கச்சானை ஒரு போத்தலில் போட்டு, எதுவரை நிற்கிறது என்று வெளியே கோடு கீறுங்கள். அதன் மேல் மணலைக் கொட்டித் தட்டிக் குலுக்குங்கள். ஒன்றரைச் சுண்டு உயரத்துக்கு அது வராது. மணல் கச்சானுக்கு இடையில் இறங்கிவிட்டது. தண்ணீரும் சீனியும் சேர்வது இதைப் போலத்தான். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளால் ஆனவை. சீனிக் கட்டியில் நெருக்கமாக அடுக்கியிருந்த துணிக்கைகளைத் தண்ணீரின் துணிக்கைகள் வந்து மோதி, ஒவ்வொன்றாகப் பிரித்து, தங்கள் நடுவே கொண்டு போய்விடுகின்றன. ஒரு தேக்கரண்டிச் சீனியில் இப்படிப்பட்ட துணிக்கைகள் எத்தனை என்றால், 9 எழுதி அதன் பின்னால் 21 பூச்சியம் போட வேண்டும், ஏறக்குறைய. தனித்தனியாகப் பிரிந்த பிறகு எந்தக் கண்ணுக்கும் அவை அகப்படாது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். கச்சானும் மணலும் சும்மா கிடக்கின்றன. தண்ணீரின் துணிக்கைகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. சுடுதண்ணீரில் சீனி சட்டென்று கரைவது அங்கே துணிக்கைகள் இன்னும் வேகமாக ஓடி மோதுவதால்தான்.

இனி இரண்டாவது கேள்வி. அது இன்னும் சீனிதானா? இதைத் தராசு சொல்லாது. ஒரு பொருள் எது என்பதை அதன் இயல்புகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் நிறம், மணம், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன் என்று ஒரு பக்கம் நிறைய வருகிறதே, பிள்ளைகள் அதைப் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒருவரை அடையாள அட்டையில் அறிவது போல ஒரு பொருளை அறிய நமக்கு அவைதான் உண்டு. சீனிக் கரைசலை வாயில் வைத்தால் அதே இனிப்பு. ஒரு தட்டில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைத்தால், தண்ணீர் போய்ப் பிசுபிசுப்பாகி, கடைசியில் சீனி ஓரத்தில் படியும். அதே சீனியைத் தாச்சியில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வையுங்கள். உருகும், பொன்னிறமாகும், பிறகு கறுத்துப் புகைந்து கைக்கும். அந்தக் கரியைத் தண்ணீரில் போட்டால் கரையாது. இங்கே சீனி இல்லை, வேறு பொருள் வந்துவிட்டது. இதுதான் இரசாயன மாற்றம். (ருசி பார்ப்பது சமையலறைச் சாமானுக்கு மட்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.)

அந்த ஓட்டை விதிக்கு வருகிறேன். ‘மீளுமா, மீளாதா’ என்று நானும் பல வருடம் படிப்பித்தவன்தான். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “சேர், அரிசிய இடிச்சு மாவாக்கினா திரும்ப அரிசியாக்க ஏலுமா?” என்று கேட்டாள். ஏலாது என்றேன். “அப்ப அது இரசாயன மாற்றமா?” என்றாள். வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. மாவும் அரிசியும் ஒரே பொருள், துண்டு மட்டும்தான் சிறிதாகியிருக்கிறது, அதனால் அது பௌதிக மாற்றம். இது எனக்குத் தெரியும். ஆனால் நான் அதுவரை கரும்பலகையில் எழுதி வைத்த விதி அதற்கு எதிராக நின்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவள் சொன்னது முழுச் சரி. கண்ணாடி உடைந்தாலும், கடதாசி கிழிந்தாலும், விறகைப் பிளந்தாலும் பழையபடி ஆக்க ஏலாது. ஆனால் எதுவும் வேறு பொருளாகவில்லை.

மறுபக்கமும் அப்படித்தான். மறுநாள் வகுப்புக்கு மஞ்சள் தூளும், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும், ஒரு தேசிக்காயும் கொண்டு போனேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பைப் போட்டால் குப்பென்று சிவக்கும். ஆலாத்தித் தட்டில் எல்லோரும் பார்த்த நிறம்தான். சுண்ணாம்பு ஒரு மூலம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை உள்ள பொருள். அது மஞ்சளில் உள்ள நிறப்பொருளின் துணிக்கையிலிருந்து, அதாவது மூலக்கூறிலிருந்து, ஐதரசனைக் கழற்றிவிடுகிறது, மூலக்கூறு மாறுகிறது, நிறமும் மாறுகிறது. சந்தேகமே இல்லாத இரசாயன மாற்றம். அதற்குள் தேசிக்காயைப் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. திரும்பச் சுண்ணாம்பு, திரும்பச் சிவப்பு. இரசாயன மாற்றம் மீளாது என்றால் இது என்ன? அன்றையிலிருந்து ‘மீளுமா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். துணிக்கை அதேதானா, வேறா என்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். வெள்ளைச் சட்டையில் பட்ட கறிக் கறை சவர்க்காரம் போட்டதும் ஏன் சிவக்கிறது என்பதும் அப்போது அவனுக்குத் தானாக விளங்கும்.

கோயிலில் ஒரு நல்ல சோடி இருக்கிறது. கற்பூரக் கட்டி ஒன்றைத் திறந்த தட்டில் வைத்துவிட்டு நாள்தோறும் பார்த்தால், அது சிறுத்துக்கொண்டே போகும். ஈரம் இல்லை, உருகின அடையாளம் இல்லை. திண்மத்திலிருந்து நேரே வாயுவாகப் போகிறது. பதங்கமாதல் என்பது இதுதான். அறை முழுக்கக் கற்பூர வாசம் வீசுவதே அந்தத் துணிக்கைகள் மாறாமல் மூக்குக்கு வந்து சேர்ந்ததற்குச் சாட்சி. அதே கட்டியைக் கொளுத்தினால் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் கொஞ்சம் கரிப்புகையுமாகிவிடும். இரண்டிலும் கற்பூரம் காணாமல் போகிறது. ஒன்று பௌதிகம், மற்றது இரசாயனம். காணாமல் போவது எதற்கும் ஆதாரமில்லை என்று மகனுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குமிழி வந்தால் இரசாயன மாற்றம் என்பதும் அப்படியே நம்பக்கூடாத ஒன்று. சோடாப் போத்தலைத் திறந்தால் வரும் குமிழி காபனீரொட்சைட்டு. அப்பச்சோடாவில் தேசிக்காய் பிழிந்தாலும் வருவது அதே வாயு. ஆனால் போத்தலில் அழுத்தி அடைத்திருந்த வாயு வெளியே வருகிறது, அவ்வளவுதான். அப்பச்சோடாவிலோ அந்த வாயு அந்த நிமிடம் புதிதாக உண்டாகிறது. நிறம் மாறுதல், குமிழி, சூடு, கரைசலில் திண்மமாகத் திரளும் வீழ்படிவு எல்லாம் சைகைகள். சைகையைப் பார்த்துச் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடம் முழுவதும் ஒரு வெற்றிலைத் தட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் அம்மம்மா வெற்றிலை போடுகிறவர். அவருடைய சுண்ணாம்புக் கரண்டகத்தை இரண்டு மூன்று நாள் மூட மறந்துவிட்டால் மேலே வெள்ளையாக ஒரு தோல் படரும். நகத்தால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் இருக்கும் மெதுவானதைத்தான் எடுப்பார். ‘மேல உள்ளது செத்த சுண்ணாம்பு’ என்பார். அந்தச் சொல்லின் சரியான பொருள் எனக்கு உயர்தர வகுப்பில்தான் விளங்கியது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சிப்பியும் சங்கும் முருகைக்கல்லும் கல்சியம் காபனேற்று என்ற பொருள். (முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது இப்போது சட்டப்படி தடை. கரையைக் கடலரிப்பிலிருந்து காப்பதே அந்த முருகைக்கற் பார்தான்.) சிப்பியைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு பிரிந்து காற்றோடு போய்விடும். மீதி நீறாத சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஒட்சைட்டு. சுத்தமான கல்சியம் காபனேற்று 100 கிராம் போட்டால் 56 கிராம்தான் மிஞ்சும். சூளைக்காரருக்கு மூட்டை பாதியளவாகக் குறைந்து வருவது தெரியும். போன 44 கிராம் எங்கே என்றால் புகையோடு போன வாயுவில் இருக்கிறது. அதையும் ஒரு பையில் பிடித்து நிறுத்தால் கணக்கு 100 க்கே வந்து நிற்கும். பிரான்சில் லவோசியர் 18 ஆம் நூற்றாண்டில் செய்தது இதைத்தான். மூடிய பாத்திரத்தில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்து, திணிவு கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று காட்டினார். விறகு எரிந்து சாம்பலானதும் எடை குறைந்தது போலத் தெரிவது அடுப்பு மூடியில்லாத பாத்திரம் என்பதால்.

அந்த 56 கிராமில் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு கொதிக்கும். நெருப்பு வைக்காமலே சூடு வருகிறது. 18 கிராம் தண்ணீரை அது தனக்குள் சேர்த்துக்கொண்டு 74 கிராம் நீறின சுண்ணாம்பாகிறது. ஈரமில்லாத வெள்ளைத் தூள் அது. விட்ட தண்ணீர் தண்ணீராக இல்லாமல் போய், கல்சியம் ஐதரொட்சைட்டு என்ற புதிய பொருளின் பங்காகிவிட்டது. இன்னும் தண்ணீர் விட்டுக் குழைத்ததுதான் கரண்டகத்தில் இருப்பது. அதைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் சொற்பக் காபனீரொட்சைட்டைப் பிடித்து, சூளையில் இழந்த அதே 44 கிராமைத் திரும்பப் பெற்று, எடுத்த தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி கல்சியம் காபனேற்று ஆகிறது. அம்மம்மா சுரண்டி எறிந்த தோல் சிப்பி செய்யப்பட்டிருந்த அதே பொருள். கடலில் கிடந்த சிப்பி, சூளைக்குப் போய், வெற்றிலைத் தட்டத்துக்கு வந்து, திரும்பவும் சிப்பியின் பொருளாகிவிட்டது. இந்தச் சுற்றில் மூன்று இரசாயன மாற்றங்கள். கல்சியம் அணு ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து வருடம் போகப் போக இறுகுவதும் இதனால்தான்.

நீறாத சுண்ணாம்பை மட்டும் மகனிடம் கொடுக்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

100, 56, 44 என்ற இந்த எண்கள் எந்தக் கரையின் சிப்பியை எடுத்தாலும் மாறாது. சேர்வை என்றால் இதுதான்: குறித்த அணுக்கள், குறித்த விகிதத்தில், பிணைந்து நிற்பது. தண்ணீரில் 1 கிராம் ஐதரசனுக்கு 8 கிராம் ஒட்சிசன், உன்னிச்சைக் குளத்திலும் அப்படித்தான், சேனநாயக்க சமுத்திரத்திலும் அப்படித்தான். கலவைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தேநீருக்கு ஒருவர் ஒரு கரண்டி போடுவார், இன்னொருவர் மூன்று போடுவார். மட்டக்களப்பு வாவியின் உவர்ப்பைப் பாருங்கள். மாரியில் தண்ணீர் வரத்துக் கூடி முகத்துவாரம் திறபடும் காலத்தில் ஒன்று, கோடையில் வேறொன்று. தண்ணீரும் உப்பும் அங்கே கலந்திருக்கின்றன, பிணைந்திருக்கவில்லை.

சேர்ந்த பிறகு பழைய இயல்பு ஒன்றும் மிஞ்சாது என்பதற்கு உப்பே போதும். சோடியம் மெதுவான உலோகம். கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் தீப்பிடித்துப் பாயும். குளோரின் நச்சு வாயு. இரண்டும் 23 க்கு 35.5 என்ற திணிவு விகிதத்தில் சேர்ந்தால் சோறு கறிக்குப் போடும் உப்பு. அதில் சோடியத்தின் சீற்றமும் இல்லை, குளோரினின் நஞ்சும் இல்லை.

உப்பையும் தண்ணீரையும் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சுனாமிக்குப் பிறகான கிணறுகள் நினைவு வராமல் போகாது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு கரையோரக் கிணறெல்லாம் சேறும் உவருமாகக் கிடந்தன. கலவையைப் பிரித்தல் என்ற பாடத்தின் முழு அர்த்தத்தையும் நாங்கள் அப்போதுதான் படித்தோம். சேறு தண்ணீரில் கரையவில்லை, மிதக்கிறது, அதனால் அடைய விட்டால் அடியில் இறங்கும், துணியில் வடித்தால் துணியில் நிற்கும். குளோரின் போட்டால் கிருமி சாகும். உப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை. கரைந்த உப்பின் துணிக்கைகள் துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்விடும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று சிலர் காய்ச்சிக் குடித்தார்கள். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு பானையிலேயே நிற்கும், ஆகவே காய்ச்சக் காய்ச்ச உவர் கூடும். நல்ல தண்ணீர் அந்த ஆவியில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக் குளிரவைத்தால் கிடைப்பது காய்ச்சி வடித்த நீர். கல்லடிக் கடலில் ஒரு லீற்றர் தண்ணீர் எடுத்து முழுவதும் வற்ற விட்டால் ஏறத்தாழ 35 கிராம் மிஞ்சும். அதில் முக்கால் பங்குக்கு மேல் சாப்பாட்டு உப்பு, மற்றது மக்னீசியம் முதலானவற்றின் உப்புகள். அவைதான் அதற்கு அந்தக் கைப்பைக் கொடுப்பவை.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின மணல் தரை. அந்த மணலில் தோண்டினால் குடிக்கக் கூடிய தண்ணீர் எப்படி வருகிறது? அடர்த்தி என்ற ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. ஒரு லீற்றர் நன்னீர் ஒரு கிலோகிராம். ஒரு லீற்றர் கடல்நீர் 1.025 கிலோகிராம் அளவில். வித்தியாசம் 25 கிராம்தான். ஆனாலும் மணலுக்குள் இறங்கிய மழைநீர் கீழே உள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்க அது போதும். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் மேலே உள்ள ஒரு அடி குறையும், கீழே நாற்பது மடங்காக உவர் ஏறிவரும். சுனாமிக்குப் பிறகு அவசரப்பட்டுக் கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தது எல்லா இடத்திலும் நன்மை செய்யவில்லை. மாரி மழை வந்து வந்து கழுவித்தான் தண்ணீர் தெளிந்தது. அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் பிரிப்பது என்று மட்டும் எழுதிப் பழகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். தன் வீட்டுக் கிணறு அந்தச் சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது என்று தெரிந்தால் மறக்கமாட்டான்.

நிலை மாற்றங்களில் அவனுக்குக் குழப்பம் இராது. ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றே என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீனை ஏன் குளிர்ந்த தண்ணீரில் வைக்காமல் ஐஸில் வைக்கிறார்கள்? ஐஸ் உருகி முடியும்வரை பூச்சியப் பாகையிலேயே நிற்கும். வெளியிலிருந்து வரும் வெப்பமெல்லாம் துணிக்கைகளின் அடுக்கைக் குலைப்பதில் செலவாகிறது, வெப்பநிலையை ஏற்றுவதில் இல்லை. ஒரு கிலோ ஐஸை உருக்கும் வெப்பத்தால் அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகைவரை சூடாக்கலாம். மீனவருக்கு அந்த வெப்பம்தான் காவல். கொதிநிலையும் அப்படி ஒரே இடத்தில் நிற்கும். எங்கள் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியாவில் காற்றமுக்கம் குறைவு; அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பு அவிய அங்கே கூட நேரம் எடுக்கும்.

சரி, பரீட்சையில் என்ன எழுதுவது? சீனி கரைதல் பௌதிக மாற்றம், காரணம் சீனி மூலக்கூறுகள் மாறாமல் நீர் மூலக்கூறுகளிடையே பரவுகின்றன என்று எழுதட்டும். உப்பு கரைவதையும் பௌதிகம் என்றுதான் எழுத வேண்டும். உப்புப் பளிங்கு உடைந்து சோடியம் அயனும் குளோரைட்டு அயனுமாக (அயன் என்றால் மின்னேற்றம் உள்ள துணிக்கை) பிரிகிறதே என்று அவன் கேட்டால் சந்தோஷப்படுங்கள்; அந்த அயன்கள் பளிங்கிலும் அயன்களாகவே இருந்தன, விலகி மட்டும் நிற்கின்றன என்று பதில் சொல்லுங்கள். முட்டை அவிதல் போன்றவற்றை இரசாயன மாற்றம் என்று எழுதுவதே வழக்கம். ஆழமாகப் பார்த்தால் அது எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயம். புரத மூலக்கூறு முதலில் சுருள் அவிழ்கிறது, பிறகு ஒன்றோடொன்று பிணைகிறது. இயற்கை எல்லாவற்றையும் இரண்டு பெட்டிக்குள் பிரித்து வைக்கவில்லை, பெட்டி நாங்கள் செய்தது. இதை உயர்தரத்தில் விரிவாகப் படிப்பான்.

கடைசியில் தயிர். அதில் ஒரு அழகு இருக்கிறது. பாலில் இருக்கும் பாற்சீனியும் நாம் தேநீருக்குப் போடும் சீனியும் ஒரே அணுக் கணக்கு: காபன் 12, ஐதரசன் 22, ஒட்சிசன் 11. அடுக்கு மட்டும் வேறு, அதனால் இனிப்பும் குறைவு. காய்ச்சி ஆறின பாலில் உறைமோர் விட்டால், அதில் உள்ள பற்றீரியாக்கள் அந்தப் பாற்சீனியைத் தின்று லக்ரிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. ஒரு பாற்சீனி மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து முழுவதும் மாறினால் நான்கு லக்ரிக் அமில மூலக்கூறு. அணுக்களை எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சரியாக வரும். மகனையே எண்ணச் சொல்லுங்கள், ஒவ்வொரு லக்ரிக் அமிலத்திலும் காபன் 3, ஐதரசன் 6, ஒட்சிசன் 3. அமிலம் கூடக் கூட, பாலில் தனித்தனியாக மிதந்த கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை போலாகிறது. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. எருமைப் பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைவிடக் கூட. எங்கள் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாமல் நிற்பது அதனால்.

சீனிக் கரைசலையும் தயிரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவனுடைய இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். எங்கே போனது என்றால், இரண்டிலும் எங்கும் போகவில்லை. அதேதானா என்றால், சீனி கரைந்தும் இனிக்கிறது, பால் உறைந்து புளிக்கிறது. தண்ணீரை வற்ற விட்டால் சீனி வரும். தயிரை என்ன செய்தாலும் அந்தப் பாற்சீனி வராது, அது இப்போது அமிலம்.

இந்தச் சனிக்கிழமை இரவு ஒரு மண்சட்டியில் அவனையே உறை ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றுமுன் ஒரு கரண்டி பாலை ருசி பார்க்கட்டும். காலையில் தயிரைத் தொடுமுன் சட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். குளிர்ந்திருக்கும். மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்த தண்ணீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தயிர் இறுகுவதற்கும் அது ஒரு காரணம். சட்டியின் வெளியே நடந்தது எந்த மாற்றம், உள்ளே நடந்தது எந்த மாற்றம் என்று அப்போது கேளுங்கள்.